காக்கா வேட்டைக்கு கூப்பிடுறாங்க, எலக்ட்ரானிக் காலர் (பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடுற ஸ்பீக்கர் பெட்டி) அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

ஜூனியாட்டா_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பென்சில்வேனியால ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கேன், வந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் எச்1பி வேலை விசா தான். எங்க டீம் மேனேஜர் பெரிய வேட்டைக்காரர், அவங்க அப்பாவுக்கு ஜூனியாட்டா கவுண்டில மக்காச்சோளக் காடு இருக்கு. போன வாரம் லஞ்ச்ல பேசிட்டு இருக்கும்போது ஜனவரில காக்கா வேட்டைக்கு வர்றியான்னு கேட்டார், நான் ஏதோ ஜோக்குன்னு நினைச்சு ஷ்யூர்னு சொல்லி வெச்சேன், மனுஷன் காலண்டர் இன்வைட்டே அனுப்பிட்டார். அதுவும் சனிக்கிழமை காலைல 6 மணிக்கு.

அப்புறம் போன்ல ஒரு வீடியோ காட்டினார், பார்த்து அசந்துட்டேன். டிபன் கேரியர் சைஸ்ல ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அதுக்கு ஒரு ரிமோட், பட்டனை அமுக்கினா நூறு காக்கா சண்டை போடுற மாதிரி சத்தம் வருது, வயல்ல பிளாஸ்டிக் காக்கா ஒரு டஜன் நட்டு வெச்சிருக்காங்க, நடுவுல ஒரு கம்பு மேல பிளாஸ்டிக் ஆந்தை. ரெண்டே நிமிஷத்துல வானமே கருப்பாயிடுச்சு. காக்கா மாதிரி கில்லாடி பறவை இப்படி ஒரு டப்பாவுக்கு எப்படி ஏமாறுதுன்னு எனக்கு புரியவே இல்ல, நம்ம ஊர்ல கல்லை எடுக்க குனிஞ்சாலே அது பறந்து போயிருமே?

அப்புறம் சில சந்தேகம். வாத்துக்கெல்லாம் ரெக்கார்ட் பண்ண சத்தம் போட்டு வேட்டையாடக் கூடாதுன்னு எங்கயோ படிச்ச ஞாபகம், காக்காவுக்கு மட்டும் ஓகேவா? ஏன் வெள்ளி சனி ஞாயிறு மட்டும்தான் சுடலாம்னு சொல்றார்? முக்கியமா விசால இருக்கறவன் துப்பாக்கியைத் தொட்டா பிரச்சனை வருமா? எனக்கு சுடணும்னு ஆசை ஒண்ணும் பெருசா இல்ல, பார்க்கணும்னு ஆசை இருக்கு. அம்மாகிட்ட வாய் தவறி சொல்லிட்டேன், சனிக்கிழமை அதுவுமா சனீஸ்வரன் வாகனத்தை சுடப் போறியாடான்னு போன்லயே அழ ஆரம்பிச்சுட்டாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மொட்டமாடி_மன்னாரு:

மேனேஜரை காக்கா பிடிக்கறதுக்காக காக்கா சுடப் போற முதல் ஆளு நீங்கதான் ப்ரோ. அப்ரைசல் எந்த மாசம்?

லங்காஸ்டர்_மாமா:

தம்பி, நான் இதே ஸ்டேட்ல 14 வருஷமா வேட்டைக்குப் போறேன், மான், டர்க்கி, அப்புறம் குளிர்காலத்துல காக்கா. தெரிஞ்சதை சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

முதல்ல விசா விஷயம், ஏன்னா அதுதான் உங்க தலையெழுத்தை மாத்தற விஷயம். எச்1பி மாதிரி இமிக்ரன்ட் அல்லாத விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் இருக்கு, பிரிவு 922னு தேடினா வரும். ஆனா அதுலயே ஒரு விலக்கும் இருக்கு, ஏதாவது ஒரு ஸ்டேட் முறைப்படி கொடுத்த ஹன்டிங் லைசென்ஸ் செல்லுபடியா கையில இருந்தா அந்த தடை பொருந்தாது. அதனால லைசென்ஸ் இல்லாம "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாரேன்"னு யார் நீட்டினாலும் கையால தொடாதீங்க. விளையாட்டுக்கு கூட வேண்டாம். லைசென்ஸ் வேணும்னா முதல்ல ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிக்கணும், ஆன்லைன்லயே இருக்கு. வெறுமனே பார்க்கப் போறீங்கன்னாலும் ரிமோட்டை வாங்கி நீங்க சத்தம் போட்டா அதுவும் வேட்டைக்கு உதவி பண்ண கணக்குல சேரலாம், போறதுக்கு முன்னாடி கேம் கமிஷன் (வேட்டையை கவனிக்கற ஸ்டேட் துறை) ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க, நல்லாவே பதில் சொல்வாங்க. கிரீன் கார்டு லைன்ல நிக்கறவனுக்கு காக்காவால கேஸ் வந்துச்சுன்னா வெளிய சொல்லக் கூட முடியாது.

அடுத்து, நீங்க படிச்சது சரிதான், வாத்து, புறா இதுக்கெல்லாம் எலக்ட்ரானிக் காலர் ஃபெடரல் சட்டப்படி தடை. காக்காவுக்கு அந்த தடை கிடையாது, ஸ்டேட் அனுமதிச்சா போதும், பென்சில்வேனியால ஓகே. கிழமை கணக்கு எப்படின்னா, இடம்பெயர்ற பறவைகளுக்கான சட்டம் 1918லயே வந்துச்சு, ஆனா காக்கா அந்த லிஸ்ட்ல இல்ல, 1972ல மெக்சிகோ கூட இருந்த ஒப்பந்தத்தை திருத்தினப்போதான் காக்கா குடும்பத்தை சேர்த்தாங்க. அதுக்கு முன்னாடி ஃபெடரல் பாதுகாப்புனு ஒண்ணும் கிடையாது, 1940ல இலினாய்ஸ்ல ராக்ஃபோர்டு பக்கத்துல காக்கா ராத்திரி தங்குற மரங்கள்ல டைனமைட் கட்டி வெடிச்சு மூணு லட்சத்துக்கும் மேல கொன்னிருக்காங்க. இப்போ என்ன ரூல்னா எந்த ஸ்டேட்டா இருந்தாலும் வருஷத்துக்கு அதிகபட்சம் 124 நாள்தான் சீசன், கூடு கட்டி குஞ்சு பொரிக்கிற உச்ச சமயத்துல கூடாது. 124 நாளை ஒரே மூச்சா வெச்சா நாலு மாசத்துல முடிஞ்சு போகும், அதனால நம்ம ஸ்டேட்ல வாரத்துக்கு மூணு நாள்னு பிரிச்சு ஜூலைல இருந்து ஏப்ரல் வரைக்கும் இழுத்துட்டாங்க. நியூயார்க்ல வெள்ளி சனி ஞாயிறு திங்கள்னு நாலு நாள், அங்க செப்டம்பர்ல ஆரம்பிச்சு மார்ச்ல முடியும். எண்ணிக்கைக்கு லிமிட் இங்க கிடையாது.

இப்போ உங்க பெரிய கேள்வி, ஏன் ஏமாறுது. காக்கா முட்டாளா இருந்து ஏமாறலை தம்பி, அதோட புத்தியே அதுக்கு வினை. ராத்திரில பெரிய கொம்பு ஆந்தை வந்து தூங்குற காக்காவை, கூட்டுல இருக்கற குஞ்சை எல்லாம் தூக்கிட்டுப் போயிரும், பகல்ல அந்த ஆந்தைக்கு பவர் இல்லைனு காக்காவுக்கு தெரியும், அதனால பகல்ல ஒரு ஆந்தை கண்ணுல பட்டா ஊரையே கூப்பிட்டு அதை அடிச்சு விரட்டும். காலர்ல போடுறது அந்த சண்டை சத்தத்தைத்தான். ஒரு காக்கா கத்தினா மத்ததெல்லாம் உதவிக்கு ஓடி வரும்ல, அந்த ஓடி வர்ற குணத்தைப் பிடிச்சுத்தான் இந்த வேட்டையே நடக்குது.

செட்டப் எப்படின்னா, காக்கா ராத்திரி தங்குற இடத்துல இருந்து மேயற வயலுக்குப் போற பாதையை முதல்ல ரெண்டு மூணு நாள் பார்த்து வெச்சுக்கணும். தங்குற மரத்துலயே போய் சுடக் கூடாது, ஒரு தடவை சுட்டா மொத்தக் கூட்டமும் இடத்தைக் காலி பண்ணிரும், குளிர்காலத்துல எங்க லங்காஸ்டர் டவுன்ல மால் பார்க்கிங் பக்கமா ஆயிரக்கணக்குல வந்து தங்கும், காருக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சு விட்டுரும், அது வேற கதை. பாதையில செடார் மரம் மாதிரி அடர்த்தியா ஏதாவது இருந்தா அதுக்குள்ள உட்காரணும். ஸ்பீக்கரை நம்ம கூடவே வெச்சுக்கக் கூடாது, 20, 30 கஜம் தள்ளி வைக்கணும், ஏன்னா காக்கா சத்தம் வர்ற இடத்தைத்தான் உத்துப் பார்க்கும். பொம்மைக் காக்கா ஆறு இருந்தாலும் போதும், டஜன் இருந்தா நல்லது. எல்லாத்தையும் தரையில வைக்காதீங்க, ஒண்ணு ரெண்டு உயரமா கிளையில இருக்கணும், காக்கா கூட்டத்துல காவலுக்கு ஒண்ணு மேல உட்காரும்ல, அது இல்லைனா சந்தேகப்படும். ஆந்தையை எல்லாத்துக்கும் தெரியற மாதிரி வெட்டவெளில ஒரு கம்பு மேல. மோஜோ மாதிரி இறக்கை சுத்துற பொம்மை ஒண்ணு இருந்தா தூரத்துல இருந்தே கண்ணுல படும்.

பொம்மைல ஒரு விஷயம், மலிவு பிளாஸ்டிக் வாங்கினா வெயில்ல பளபளன்னு மின்னும், நிஜக் காக்காவும் மின்னும்தான் ஆனா அந்த மினுக்கு வேற. வெல்வெட் மாதிரி மேல பஞ்சு ஒட்டினது வருது, அதுதான் சரி. நான் முதல் வருஷம் மலிவு வாங்கிட்டு, வர்ற காக்கா எல்லாம் அறுபது கஜத்துலயே திரும்பிப் போக, காலர் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு காலரை மாத்தினேன், கடைசில பார்த்தா பொம்மை. மூடாக்கு போட்ட நாள்னா இந்தப் பிரச்சனை கம்மி.

சத்தம் போடும்போது எடுத்ததும் சண்டைல ஆரம்பிக்காம ஒத்தைக் காக்கா ரெண்டு மூணு தடவை கத்துறதைப் போட்டு, அப்புறம் ஆந்தைச் சண்டை, சவுண்டு நல்லா ஏத்தி. வந்தா முதல் மூணு நாலு நிமிஷத்துலயே வந்துரும். பதினஞ்சு நிமிஷம் பார்த்து வரலைனா மூட்டையைக் கட்டிட்டு ரெண்டு மைல் தள்ளி அடுத்த இடம். பெரும்பாலும் முதல்ல ஒண்ணோ ரெண்டோ வேவு பார்க்க வரும், அதை சுடறதுனா தவறாம சுடணும், தப்பிச்சுப் போச்சுன்னா போய் எல்லாருக்கும் சொல்லிரும், அன்னிக்கு அந்த இடம் அவ்வளவுதான். துப்பாக்கிக் குழல் அளவு 12 கேஜ், 20 கேஜ் எதுவா இருந்தாலும் ஓகே, ஆறாம் நம்பர் இல்லைனா ஏழரை நம்பர் குண்டு, 35 கஜத்துக்குள்ள வந்தாதான். முகத்துக்கு மாஸ்க், கைக்கு கிளவுஸ் கட்டாயம், மேல பார்க்கற முகம் காக்காவுக்கு தட்டு மாதிரி தெரியும். உங்க மேனேஜர் வெச்சிருக்கற காலர் ஃபாக்ஸ்ப்ரோ கம்பெனியோடதா இருக்கணும், இங்க முக்காவாசிப் பேர்கிட்ட அதான், கம்பெனியே லூயிஸ்டவுன்ல இருக்கு, ஜூனியாட்டாவைத் தாண்டினதும் அடுத்த கவுண்டிலதான்.

சியாட்டில்_அக்கா:

மாமா சொன்ன கடைசி பாயின்ட் ரொம்ப முக்கியம், முகத்துக்கு மாஸ்க். எங்க ஊர் வாஷிங்டன் யுனிவர்சிட்டில ஜான் மார்ஸ்லஃப்னு ஒரு பேராசிரியர், 2006ல குகைமனுஷன் முகமூடி ஒண்ணைப் போட்டுக்கிட்டு கேம்பஸ்ல ஏழு காக்காவைப் பிடிச்சு வளையம் மாட்டி விட்டாங்க, அப்புறம் அதே முகமூடியைப் போட்டுட்டு யார் நடந்தாலும் காக்கா எல்லாம் சூழ்ந்துட்டு திட்டுமாம், அப்போ துணை ஜனாதிபதியா இருந்த டிக் செனி முகமூடியைப் போட்டுட்டுப் போனா கண்டுக்காது. வேடிக்கை என்னன்னா பிடிபட்டது ஏழுதான், திட்டுறது பல வருஷம் கூடிட்டே போச்சு, பிடிபடாத காக்காவும் அப்போ பிறக்காத குஞ்சும் கூட பார்த்துப் பார்த்து கத்துக்கிச்சு. வருஷக்கணக்குல அந்தப் பகை ஓயலை. அதனால உங்க மேனேஜரோட அப்பா அங்கயே குடியிருக்கறவர், அவர் முகத்தை மறைச்சுக்கறது அவருக்கு நல்லது.

இன்னொண்ணு அதே குரூப்ல கேலி ஸ்விஃப்ட்னு ஒருத்தங்க பண்ணது, 2015ல வந்துச்சு. செத்த காக்காவைக் கையில வெச்சுட்டு ஒருத்தர் நின்னா என்ன ஆகும்னு பார்த்தாங்க. காக்கா கூடுது, கத்துது, அப்புறம் அந்த இடத்துல சோறு போட்டாலும் பல நாளைக்கு தயங்கித்தான் வருது. நம்ம ஊர்ல கரன்ட் கம்பில ஒண்ணு அடிபட்டா தெருவே காக்காவா நிறையும்ல, துக்கம்னு சொல்வோம், துக்கமோ என்னமோ, இங்க யாரு எப்படி செத்தாங்கன்னு குறிச்சு வெச்சுக்கற வேலையும் அதுல நடக்குது. அதனாலதான் வேட்டைக்காரங்க ஒரே இடத்துக்கு அடுத்த வாரமே திரும்பப் போக மாட்டாங்க.

எனக்கு இந்த வேட்டைல சுத்தமா உடன்பாடு இல்லைன்னு சொல்லிடறேன். திங்கறதுக்கு இல்லாம, கூட வந்து உதவற குணத்தையே தூண்டிலாக்கி சுடறது மனசுக்கு ஒப்பலை. இங்க இருக்கற காக்காவுக்கு குடும்பம் உண்டு, முந்தின வருஷக் குஞ்சுங்க அப்பா அம்மா கூடவே தங்கி தம்பி தங்கச்சிக்கு இரை கொடுக்கும், கார்னெல் யுனிவர்சிட்டில இதை முப்பது வருஷத்துக்கும் மேல வளையம் போட்டுப் பார்த்திருக்காங்க. 1999ல வெஸ்ட் நைல் வைரஸ் நியூயார்க்ல நுழைஞ்சப்போ அதிகமா அடிவாங்கின பறவைகள்ல இந்தக் காக்காவும் ஒண்ணு, வைரஸ் வந்த காக்கா பிழைக்கறது அபூர்வம். அதெல்லாம் தாண்டி வந்திருக்கு.

போறதுதான்னா ஒண்ணு மட்டும் கவனிங்க தம்பி. ஜூனியாட்டா மலைப் பக்கம் ரேவன்னு காக்கா மாதிரியே ஒரு பெரிய கருப்புப் பறவை உண்டு, அதை சுடக் கூடாது, சீசனே கிடையாது. நம்ம ஆளுங்க ரேவனைப் பார்த்து அண்டங்காக்கைம்பாங்க, அண்டங்காக்கை வேற, இது அதை விடவும் பெருசு. பறக்கும்போது வாலைப் பாருங்க, காக்கா வால் விசிறி மாதிரி வளைஞ்சு இருக்கும், ரேவன் வால் நடுவுல நீண்டு ஆப்பு மாதிரி. குரலும் கா இல்ல, தொண்டைக்குள்ள இருந்து க்ரோங்னு வரும். சண்டைச் சத்தத்துக்கு ரேவனும் வரும்.

லங்காஸ்டர்_மாமா:

அக்கா சொல்றது நியாயம், ரேவன் விஷயம் நான் விட்டுட்டேன், நன்றி. உடன்பாடு பத்தி சண்டை போட வரலை, ஆனா விவசாயி பக்கமும் ஒண்ணு இருக்கு, மே மாசம் மக்காச்சோளம் முளைச்சு ரெண்டு இலை விட்டதும் காக்கா வரிசையா நடந்து போய் ஒவ்வொண்ணா பிடுங்கி அடியில இருக்கற விதையைத் தின்னும், அரை ஏக்கரை ஒரு காலைல காலி பண்றதைப் பார்த்திருக்கேன். அந்த மாசம் சீசன் கிடையாது, பயிரை அழிக்கிற காக்காவுக்குன்னு ஃபெடரல்ல தனி ஆர்டர் இருக்கு, அதுலயும் முதல்ல சுடாம விரட்டுற வழியை முயற்சி பண்ணணும்னு இருக்கு. ஜனவரில சுடறதால மே மாசப் பயிர் தப்பிக்குமான்னு கேட்டா, நேர்மையா சொல்றேன், ரொம்ப இல்ல. குளிருக்கு வர்ற காக்கால பாதி வடக்க இருந்து வர்றது. நாங்க போறது வேட்டை ஆசைல தான்.

செவக்காட்டான்:

நான் ராம்நாடு ஜில்லா, வயசு அறுபத்தி மூணு, பேரன் இந்த போரத்தைக் காட்டினான். நீங்க எல்லாம் ஏமாத்திக் கூப்பிட பொம்மை பொம்மைனு எழுதறீங்களே, எங்க பக்கம் அதுக்கு பேரு பார்வை. பார்வை வைக்கிறதுன்னு சொல்வோம். சின்ன வயசுல பார்த்திருக்கேன், பழக்கின கௌதாரியை கூண்டுல வெச்சு காட்டுல இறக்கி விட்டு சுத்தி கண்ணி போட்டுருவாங்க, அது விடியக்காலைல கத்தும், என் இடத்துல எவன்டா கத்துறதுன்னு காட்டுக் கௌதாரி சண்டைக்கு வரும், மாட்டிக்கும். பார்வைக் கௌதாரி நல்லா கத்துச்சுன்னா அதுக்கு ஆட்டுக்குட்டி விலை. நீங்க சொல்ற பெட்டியும் அதே சங்கதிதான், பெட்டிக்கு தீனி போட வேண்டாம் அவ்வளவுதான். இப்போ இங்க அதெல்லாம் செஞ்சா வனத்துறை தூக்கி உள்ள வெச்சுரும், நியாயமும் கூட, கௌதாரியே குறைஞ்சு போச்சு.

காக்காவுக்கு எங்கள்ல வேட்டைனு ஒண்ணு கிடையாது, விரட்டறது மட்டும்தான். கடலைக் காட்டுல விதை போட்டா செத்த காக்கா ஒண்ணை கம்புல தலைகீழா கட்டித் தொங்கவிடுவோம், எட்டு நாளைக்கு ஒரு காக்கா இறங்காது. செத்த காக்கா கிடைக்கலைன்னா பழைய கருப்புத் துணியை சுருட்டி காக்கா மாதிரி கட்டறது. வீட்டுல பொம்பளைக வடாம் காயப் போட்டா பக்கத்துல கருப்புக் குடையை விரிச்சு வெப்பாக, அதுவும் அந்தக் கணக்குத்தான். அமெரிக்காவுல கருப்பு பொம்மையைக் காட்டி காக்காவைக் கூப்பிடுறான், நாம கருப்புத் துணியைக் காட்டி விரட்டுறோம், எனக்கு இதைப் படிச்சதும் சிரிப்பு தாங்கலை.

ஒரு பையன் இங்க இன்பாக்ஸ்ல நம்ம ஊர்லயும் இந்தப் பெட்டி வாங்கி காக்கா சுடலாமான்னு கேட்டானாம், பேரன் சொல்றான். அந்த நினைப்பை விட்டுரு தம்பி. 1972 வனவிலங்கு சட்டத்துல காக்கா அஞ்சாவது அட்டவணைல இருந்துச்சு, எலி வவ்வால் கூட, தொல்லை தர்ற பிராணின்னு. 2022ல திருத்தம் கொண்டு வந்து அந்த அட்டவணையையே எடுத்துட்டாக, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல். இனிமே எதையாவது தொல்லைனு அறிவிக்கணும்னா மத்திய அரசு தனியா உத்தரவு போடணும்.

அம்மா அழறதைப் பத்தி, தம்பி, அமாவாசைக்கு இலை போட்டுட்டு கா கான்னு தொண்டை கட்டக் கூப்பிடுறோமே, அதுவும் காலர்தான்னு சொல்லிப் பாரு. அடி விழுந்தா நான் பொறுப்பில்ல.

கிள்ளான்_பசங்க:

ஐயா சொன்னதைப் படிச்சதும் எங்க கதையும் சொல்லணும்னு தோணுச்சு. இங்க மலேசியால கிள்ளான்ல இருக்கற காக்கா எல்லாம் இலங்கைல இருந்து வந்ததுதான், 1890கள்ல காப்பித் தோட்டத்துல கம்பளிப்பூச்சி தொல்லைனு வெள்ளைக்காரன் கொண்டு வந்து விட்டான். தோட்டத்துக்கு நம்ம ஆளுங்களைக் கொண்டு வந்த அதே காலம். காப்பி போயிருச்சு, ரப்பர் வந்து செம்பனை வந்துருச்சு, காக்கா மட்டும் சந்தைல உட்கார்ந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) தின்னுக்கிட்டு இருக்கு. நகர நிர்வாகம் லைசென்ஸ் உள்ள ஆளுங்களை வெச்சு அப்பப்போ சுடுவாங்க, பெட்டி பொம்மை எல்லாம் கிடையாது, குப்பைத்தொட்டியே போதும். சிங்கப்பூர்லயும் இதே தொல்லைதான், கூட்டைக் கலைக்கிறாங்க, பொறி வெச்சுப் பிடிக்கிறாங்க, அங்க தீனி போட்டா போட்டவனுக்கு அபராதம். எங்க தாத்தா திவசத்துக்கு சித்தப்பா அங்க அடுக்குமாடி பிளாக் கீழ சோறு வைக்க பயந்துக்கிட்டு, கிண்ணத்தை ஜன்னல் விளிம்புல வெச்சு ரெண்டே நிமிஷத்துல எடுத்துட்டாரு.

மொட்டமாடி_மன்னாரு:

எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளுங்க எல்லாம் சேர்ந்து இவ்வளவு பெரிய திரெட். போய்ட்டு வந்து சொல்லுங்க ப்ரோ.

ஜூனியாட்டா_வாசி:

போய்ட்டு வந்துட்டேன். லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும், ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்துச்சு.

முதல்ல அம்மாவுக்காக சனிக்கிழமையை ஞாயித்துக்கிழமையா மாத்திக்கலாமான்னு மேனேஜரைக் கேட்டேன், காரணம் சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துருச்சு, சனி கிரகம், அதோட வண்டி காக்கான்னு சொல்லிப் பாருங்க இங்கிலீஷ்ல. மனுஷன் சிரிக்கலை, சரின்னு மாத்திட்டார். அவங்க அப்பாதான் சிரிச்சார், ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஒரு காலத்துல காக்கா, நரி, கயோட் (சின்ன ஓநாய் மாதிரி) தவிர வேற எதையும் சுட விடமாட்டாங்க, சர்ச் முடிஞ்சு வந்ததும் சின்னப் பையன்ல இருந்தே எங்களுக்கு ஞாயிறுன்னா காக்காதான்னார்.

மாமா சொன்ன மாதிரி கேம் கமிஷனுக்கு போன் போட்டேன், சும்மா பார்க்கறதோட நிறுத்திக்கோன்னாங்க, துப்பாக்கியும் தொடலை ரிமோட்டும் தொடலை. மைனஸ் 8 டிகிரி, அறுத்த மக்காச்சோளத் தட்டை உறைஞ்சு நடக்கும்போது அப்பளம் மாதிரி உடையுது. செடார் மரத்துக்குள்ள மூணு பேரும் நெருக்கியடிச்சு உட்கார்ந்தோம், எனக்கு ஒரு மாஸ்க் கொடுத்தாங்க, மூச்சு விட்டா கண்ணாடி பனி பிடிச்சுருது, பாதி வேட்டையை நான் மூக்கு வழியாத்தான் பார்த்தேன்.

முதல்ல ஒத்தை சத்தம், கா, கா, கா. ஒண்ணும் வரலை. அப்புறம் சண்டை சத்தம் போட்டதும் மலை ஓரத்துல இருந்து ஒரு கருப்புப் புள்ளி, நேரா வராம வயலைச் சுத்தி ஒரு வட்டம் அடிச்சுச்சு, ஆந்தையைப் பார்த்துச்சு பாருங்க, அந்த நொடில குரலே மாறிப் போச்சு, அதுவரைக்கும் கேள்வி கேக்குற மாதிரி கத்திட்டு இருந்தது திடீர்னு தொண்டை கிழிய ஆரம்பிச்சுருச்சு. பெட்டி சத்தம் எது, அதோட சத்தம் எதுன்னு பிரிக்க முடியலை. ஒரு நிமிஷத்துக்குள்ள பதினஞ்சு இருவது இருக்கும், இறக்கை காத்தைக் கிழிக்கிற சத்தம் தலைக்கு மேல கேக்குது. மேனேஜர் மூணு சுட்டார், அவங்க அப்பா ரெண்டு. நான் எதிர்பார்க்காதது என்னன்னா, விழுந்ததைப் பார்த்து மத்தது ஓடலை, அதுக்கு மேலயே சுத்திச் சுத்தி கத்துச்சு. அக்கா எழுதினது அப்போ ஞாபகம் வந்துச்சு, அதுக்கப்புறம் நான் மேல பார்க்கலை, தரையில விழுந்த ஒண்ணு கொஞ்ச நேரம் ஒத்தை இறக்கையை அடிச்சுட்டு இருந்துச்சு, அதைத்தான் பார்த்துட்டு இருந்தேன். பெரியவர் போய் சீக்கிரமா அதை முடிச்சார், முடிச்சுட்டு எல்லாத்தையும் பொறுக்கி சாக்குல போட்டுட்டு வந்தார்.

ரெண்டாவது இடத்துல ஒண்ணு கூட வரலை. தூரத்து மரத்துல மூணு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துச்சு, அவ்வளவுதான். பெரியவர் அதுங்களைப் பார்த்து அந்த மூணுக்கும் என்னைத் தெரியும்னார், மாஸ்க் எல்லாம் வீண், என் ட்ரக்கையே தெரியும்னார். மூணாவது இடத்துல காக்காவுக்கு பதிலா ஒரு சிவப்பு வால் பருந்து வந்து பிளாஸ்டிக் ஆந்தையை ஒரே அடி, ஆந்தை தலை தனியா போய் விழுந்துச்சு. அதோட வேட்டை முடிஞ்சுது, டைனர்ல பேன்கேக் சாப்பிட்டு வந்துட்டோம்.

திரும்பப் போவேனான்னு கேட்டா தெரியலை. லைசென்ஸ் கோர்ஸ் பேஜைத் திறந்து வெச்சிருக்கேன், பதினஞ்சு நாளா அதே டேப் திறந்துதான் இருக்கு. அம்மாகிட்ட நான் சுடலைன்னு சொன்னதும் தலைக்குக் குளிச்சியான்னு மட்டும் கேட்டாங்க.

ஒரு கேள்வி பாக்கி. கிளம்பும்போது பெரியவர் பழைய பொம்மைக் காக்கா ஒண்ணை எனக்கு ஞாபகார்த்தமா கொடுத்தார், பஞ்செல்லாம் உதிர்ந்து போனது. வொய்ஃப் அதைப் பார்த்ததும் கோடைக்கு பால்கனில வடாம் போடும்போது காவலுக்கு வைக்கலாம்ங்கறா. செவக்காட்டு ஐயா, இது வேலை செய்யுமா, இல்ல இருக்கற காக்காவையும் கூப்பிட்டு விருந்து வெச்சுருமா?

செவக்காட்டான்:

நிமித்தி வைக்காதே தம்பி, வந்து கூட உட்காரும். காலுல கயிறு கட்டி தலைகீழா தொங்கவிடு, ஒரு இறக்கை விரிஞ்ச மாதிரி கம்பி வெச்சுக் கட்டு, காத்துக்கு ஆடணும். நாலு நாளைக்கு ஒருக்க இடத்தை மாத்து, இல்லைனா கண்டுபிடிச்சுரும். வடாம் தட்டு மேல சரியா இருக்கட்டும். ஆந்தை மட்டும் வாங்கி வெச்சுராதே.